ஒரு பெயரைச் சுமந்து படிப்பவர்கள்

(ஆலயக் கல்வி நிதியின் சார்பில் பொறியியல் மாணவர்களுக்கு நினைவு உபகாரச் சம்பளம் வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் ஆலயத்தின் கல்வி நிதி வழியாக இவ்வாண்டு தொடங்கி, பொறியியல் பயிலும் மாணவர் இருவருக்கு ஆண்டுதோறும் நினைவு உபகாரச் சம்பளம் வழங்கப்பட இருக்கின்றது. பொறியியல் மூன்றாம் ஆண்டில் பயின்றுகொண்டிருந்தபோது சாலை விபத்தில் மறைந்த தம் மகளின் பெயரால் அவருடைய பெற்றோர் இதனை நிறுவியிருக்கின்றனர். அம்மகளின் பெயர் அழைப்பிதழில் உள்ளது. மேடையில் அதனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம், படம் வைத்து மாலையிடவும் வேண்டாம் என்பது அந்தத் தாய் தந்தையரின் வேண்டுகோள். ஆதலின் நானும் அப்பெயரைச் சொல்லாமலே பேசுகின்றேன்.

அரசாங்க ஊழியன் என்பதனால், இந்த உபகாரச் சம்பளத்திற்கான விதிமுறைகளை எழுதித் தரும் பொறுப்பினை நிர்வாகத்தினர் என்னிடம் ஒப்படைத்தனர். இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடும் சுற்றறிக்கைகளோடும் வாழ்கின்றவனுக்கு விதி எழுதுவது பெரிய காரியமன்று. விண்ணப்பப் பாரம், இறுதி நாள், குடும்ப வருமானச் சான்று, தேர்ச்சி அறிக்கை என்று ஒரே மாலையில் எழுதி முடித்துவிட்டேன். ஒரே ஒரு பகுதிதான் வெறுமையாக நின்றது. 'உதவி பெறுபவரின் கடமைகள்' என்று தலைப்பிட்டிருந்தேன். அதற்குக் கீழே எழுத ஒன்றும் தோன்றவில்லை. மறைந்துபோன ஒருவரின் பெயரால் படிக்கின்ற மாணவர், யாருக்கு, என்ன கடன்பட்டிருக்கின்றார்? இக்கேள்விக்கு நான் தேடிய விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

பிற உதவிகளில் இந்தக் கேள்வி எழுவதில்லை. பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளம் பெற்றவர், ஒப்பந்தப்படி அரசாங்கத்தில் பணியாற்ற வேண்டும். 1997ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். தருவது கடன், படித்து முடித்தபின் தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் தாளில் இருக்கும். நினைவு உபகாரச் சம்பளத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கின்றார். அவர் நம்மிடம் எதனையும் கேட்கமாட்டார். கேட்கமாட்டார் என்பதனாலேயே, அவர் சார்பில் கேட்கப் பலரும் முன்வந்துவிடுகின்றனர்.

நம் குழுக் கூட்டத்திலும் அப்படித்தான் நடந்தது. ஆண்டுதோறும் திருவிழாவின்போது மாணவர்கள் வந்து தொண்டாற்ற வேண்டும் என்றார் ஒருவர். நினைவு நாளில் குடும்பத்தாரை நேரில் கண்டு வணங்க வேண்டும் என்றார் இன்னொருவர். அதிகப் புள்ளிகள் பெற்றவருக்குக் கொடுத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் எதற்கு என்றார் மூன்றாமவர். எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனாலும், குழல் விளக்கில் உபயகாரர் பெயரைப் பெரிதாக எழுதி எழுதி, கடைசியில் வெளிச்சத்திற்கு இடமில்லாமல் போன கதை நமக்கெல்லாம் தெரியும். மாணவரை அத்தகைய விளக்காக்கிவிடக் கூடாதே என்ற அச்சம் எனக்கு இருந்தது.

இதே கேள்வியை நம்மினும் கொடிய துயரத்தினூடே சந்தித்தவர்கள் உலகில் இருக்கின்றனர். அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம் என்று தேடியபோதுதான் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகர நிகழ்ச்சியை ஊன்றிப் படித்தேன்.

மாண்ட்ரியலில் 1873ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 'எக்கோல் பொலிடெக்னிக்' என்னும் பொறியியல் கல்லூரி உள்ளது. அங்கே பிரெஞ்சு மொழியில் கற்பிக்கின்றார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தவன் என்ற முறையில், தம் தாய்மொழியிலேயே பாலமும் இயந்திரமும் படிக்கின்ற அம்மக்கள்மீது எனக்கு ஒரு பொறாமை உண்டு. அது வேறு பேச்சு. 1989 டிசம்பர் 6ஆம் நாள் அக்கல்லூரியில் அந்தப் பருவத்தின் கடைசி வகுப்பு நாள். மாலையில், துப்பாக்கி ஏந்திய ஒருவன் இயந்திரப் பொறியியல் வகுப்பொன்றில் நுழைந்தான். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே பிரித்து நிறுத்தினான். ஆண்களை வெளியே அனுப்பினான். எஞ்சியவர்கள் ஒன்பது மாணவியர். பெண்கள் பொறியியல் படிப்பதே அவனுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காமற் போனதற்கும் பெண்களே காரணம் என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

அம்மாணவியருள் ஒருவரான நத்தாலி புரொவோ அவனுக்கு மறுமொழி கூறினார். தாங்கள் எந்த இயக்கத்தின் போராளிகளும் அல்லர், பொறியியல் படிக்க வந்த பெண்கள் மட்டுமே என்று எடுத்துச் சொன்னார். அவன் கேட்கவில்லை. அந்த அறையில் அறுவர் உயிரிழந்தனர். பின்னர் நடைக்கூடங்களிலும் உணவகத்திலும் வேறு அறைகளிலுமாக, அரை மணி நேரத்திற்குள் உயிரிழந்த பெண்களின் எண்ணிக்கை பதினான்கு ஆயிற்று. பன்னிருவர் பொறியியல் மாணவியர். ஒருவர் தாதிமைக் கல்வி பயின்ற மாணவி. ஒருவர் கல்லூரியின் நிதிப் பிரிவு ஊழியர். கொன்றவனும் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மாண்டான். அவன் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்நாட்டிலேயே பலர் அதனைச் சொல்லாமல் தவிர்க்கின்றனர்.

இறந்தவர்களுள் ஜெனவியேவ் பெர்ஜெரோன் என்ற இருபத்தொரு வயதுப் பெண், தாமே உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்தவர்; சேர்ந்திசைக் குழுவில் பாடியவர். சோனியா பெல்லெத்தியே பட்டம் பெறும் தறுவாயில் இருந்தவர். மரீஸ் லெக்ளேர் என்பவரின் தந்தை அந்நகரக் காவல்துறையின் மக்கள் தொடர்பு அதிகாரி. செய்தியாளர்களுக்கு விவரம் கூறுவதற்காகக் கட்டடத்திற்குள் சென்று பார்த்த அவர், அங்கே தம் மகளையே கண்டார். இதனைப் படித்த அன்று நான் கோப்பை மூடிவிட்டேன். மறுநாள்தான் மீண்டும் திறந்தேன்.

கனடா நாட்டுப் பொறியாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படிப்பை முடிக்கும் தறுவாயில் ஒரு சடங்கில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, எழுதும் கையின் சுண்டு விரலில் ஒரு மோதிரம் அணிகின்றார்கள். இது 1925ஆம் ஆண்டு முதல் நடந்து வருகின்றது. 1907ஆம் ஆண்டில் கட்டுமானத்தின்போதே இடிந்து விழுந்து எழுபத்தைந்து தொழிலாளர்களைப் பலிகொண்ட கியூபெக் பாலத்தின் இரும்பிலிருந்து அந்த மோதிரம் செய்யப்படுவதாகச் சொல்வார்கள். அது உண்மையன்று. ஆயினும் அக்கதை ஏன் நிலைத்தது என்பது விளங்குகின்றது. வரைபடத்தில் கோடு போடும் ஒவ்வொரு வேளையும் அந்த மோதிரம் தாளில் உரசும். நம் கணக்குத் தவறினால் ஆள் சாவான் என்பதை அது நினைவூட்டும். ஆக, மறைந்தவர்களின் நினைவை வேலை செய்யும் கையிலேயே அணிந்துகொள்ளும் பழக்கம் அவர்களிடம் முன்பே இருந்தது. அந்தப் பன்னிரண்டு மாணவியர்க்கு மோதிரம் அணியும் நாள்தான் வரவில்லை.

அவர்கள் பெயரால் என்ன செய்தார்கள் என்பதற்கு வருகின்றேன்.

1990ஆம் ஆண்டில், பதினால்வர் நினைவாகக் கனடியப் பொறியியல் நினைவு அறநிறுவனம் தோன்றியது. இதனை முன்னின்று தொடங்கியவர் குளோடெத் மெக்கே லசோந்த் என்னும் பெண் பொறியாளர். அவர் அதே பொலிடெக்னிக் கல்லூரியில் படித்தவர். 1986இல் ஒந்தாரியோ மாநிலப் பொறியாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானவர். நாடெங்கும் பொறியியல் பயிலும் மாணவியர்க்கு இந்த அறநிறுவனம் உபகாரச் சம்பளம் வழங்கியது. அதன் விதிகளைப் படித்தபோது ஒன்று என் கண்ணில் பட்டது. விண்ணப்பிக்கும் மாணவி, பொறியியல் அறியாத ஓர் அவையின் முன், பெரும்பாலும் ஓர் உயர்நிலைப் பள்ளியில், பொறியியல் என்றால் என்ன, தான் ஏன் அதனைத் தேர்ந்தெடுத்தேன் என்று பேச வேண்டும். மாண்டவர்களைப் பற்றிப் புகழுரை கேட்கவில்லை. அடுத்து வரவேண்டிய சிறுமியிடம் சென்று பேசச் சொன்னார்கள்.

இரண்டாவதாக, பொலிடெக்னிக் கல்லூரியே 2014ஆம் ஆண்டில், இருபத்தைந்தாம் ஆண்டு நினைவின்போது, 'வெள்ளை ரோஜா' என்ற பெயரால் ஓர் உபகாரச் சம்பளத்தை நிறுவியது. நிறுவப்பட்டபோது அதன் தொகை முப்பதாயிரம் கனடிய வெள்ளி. கனடாவின் எந்தப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த மாணவியும் விண்ணப்பிக்கலாம். முதுகலைப் பட்டத்தையோ முனைவர் பட்டத்தையோ கனடாவிலோ உலகின் வேறெங்கிலுமோ தாம் விரும்பும் இடத்தில் படிக்கலாம். அந்தக் கல்லூரிக்குத்தான் வரவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தன் பணத்தைக் கொடுத்து, வேறு கல்லூரிக்குப் போய்ப் படி என்று சொல்லும் கல்லூரியை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் இது நட்டக் கணக்கு. ஆனால் அந்தப் பதினால்வரும் எங்கெங்கே சென்றிருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது அன்றோ? அவர்களுக்குக் கிட்டாத தெரிவு, அவர்கள் நினைவால் படிப்பவர்க்குக் கிட்ட வேண்டும் என்பதுதான் அந்த விதியின் பொருள் என்று நான் கொள்கின்றேன்.

இந்த உபகாரச் சம்பளத்திற்கு ஆதரவுத் தாயாக விளங்கியவர் வேறு யாருமல்லர். அன்று அந்த வகுப்பறையில் மறுமொழி கூறிய நத்தாலி புரொவோ அவர்கள்தான். நான்கு குண்டுகள் பாய்ந்தும் அவர் உயிர் தப்பினார். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவாறே செய்தியாளர்களைச் சந்தித்து, பொறியாளராக விரும்பிய பெண்கள் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். படிப்பை முடித்துப் பொறியாளரானார். கியூபெக் அரசாங்கப் பணியில் பொறுப்புகள் வகித்தார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்து, 2025இல் கனடிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசாங்க ஊழியர்களால் ஆவதென்ன என்று கேட்பவர்கள் இவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளை ரோஜா வாரம் என்ற பெயரில் அக்கல்லூரி நிதியும் திரட்டுகின்றது. அந்நிதி, வசதி குறைந்த குடும்பத்துச் சிறுமியர் விடுமுறைக் கால அறிவியல் முகாமிற்குச் செல்ல உதவுகின்றது. இதிலும் அதே போக்கைக் காண்கின்றோம்.

நினைவைப் பேணுவதில் அவர்களுக்கும் தடுமாற்றம் இல்லாமலில்லை. மாண்ட்ரியலில் உள்ள நினைவுப் பூங்காவின் பலகை, பல ஆண்டுகளாக அந்நிகழ்ச்சியைத் துயர நிகழ்வு என்றே பொதுவாகக் குறித்திருந்தது. பெண்களுக்கு எதிராகவே நடத்தப்பட்ட தாக்குதல் அது என்று வெளிப்படையாகக் குறிக்கும் புதிய பலகை 2019இல்தான் வைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் ஆயின. நடந்ததை நடந்தபடி சொல்வதற்குக்கூட ஒரு நகரத்துக்கு அத்தனை காலம் தேவைப்பட்டது. ஆனால் உபகாரச் சம்பளம் அதற்காகக் காத்திருக்கவில்லை. பலகையில் என்ன எழுதுவது என்று பெரியவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மாணவியர் படித்துப் பட்டம் பெற்றுப் போய்க்கொண்டே இருந்தனர்.

இப்போது நம் விதிமுறைக்கு வருவோம். நான் எழுதிக் கொடுத்ததையும், அதற்குப் பெற்றோர் இசைவு தெரிவித்ததையும், குழு ஏற்றுக்கொண்டதையும் இங்கேயே அறிவித்துவிடுகின்றேன்.

'உதவி பெறுபவரின் கடமைகள்' என்ற தலைப்பின்கீழ் ஒரே ஒரு விதிதான் இருக்கின்றது. உபகாரச் சம்பளம் பெறும் மாணவர், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தமிழ்ப்பள்ளிக்குச் சென்று, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் தம் படிப்பைப் பற்றித் தமிழில் பேச வேண்டும். அவ்வளவுதான். மறைந்தவரைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆலயத்தைப் பற்றியும் பேச வேண்டியதில்லை. மாணவர் அங்கே பாலத்தைப் பற்றிப் பேசட்டும், மின்சாரத்தைப் பற்றிப் பேசட்டும், கணக்கு எவ்வளவு கடினமாக இருக்கின்றது என்று மனம்விட்டுப் புலம்பினாலும் சரியே.

இதற்கு என் அனுபவமும் ஒரு காரணம். நான் படித்தது தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி. ஆறாம் ஆண்டு முடிக்கும் வரையில் நான் ஒரு பொறியாளரைக்கூடப் பார்த்ததில்லை. தோட்டத்து ஆலையில் இயந்திரம் பழுதானால் பட்டணத்திலிருந்து காரில் வந்து இறங்குபவரைக் காட்டி, 'இஞ்சினியர் வந்துட்டாரு' என்பார்கள். அவர் எங்கே படித்தார், எப்படி அந்த இடத்தை அடைந்தார் என்று எங்களிடம் சொல்ல ஆளில்லை. கேட்கலாம் என்ற எண்ணமும் எங்களுக்கு எழவில்லை. ஆசிரியராகலாம், கிராணியாகலாம், நல்ல கெட்டிக்காரனாக இருந்தால் மருத்துவராகலாம். எங்கள் கற்பனை அந்த வேலியோடு நின்றது. இருபது வயதுப் பெண் ஒருத்தி, பாதுகாப்புத் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வகுப்புக்கு வந்து தமிழில் பேசியிருந்தால், எங்களில் நாலு பேருடைய வாழ்க்கை வேறு மாதிரி ஆகியிருக்கலாம். குறிப்பாக, என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரியாக இருந்து, படிவம் மூன்றோடு பள்ளியை விட்டு நின்ற என் வகுப்புத் தோழியருடைய வாழ்க்கை.

தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களைப் படித்தபோது, நேர்முகத்தில் ஒரு மாணவியிடம், பொறியியலைத் தேர்ந்தெடுக்க வீட்டில் தடை இருந்ததா என்று கேட்டோம். கட்டுமான இடத்தில் வெயிலில் ஆண்களோடு நிற்கப் போகிறாயா, கணக்கியல் படித்தால் குளிரூட்டிய அறையில் இருக்கலாமே என்று உறவினர்கள் கேட்டதாக அவர் சொன்னார். உறவினர்கள் அன்பினால்தான் கேட்கின்றனர். ஆனால் அன்பினால் மூடப்படும் கதவும் மூடிய கதவுதான். மாண்ட்ரியலில் வெறுப்பினால் ஒருவன் செய்ய முயன்றதை அதனோடு ஒப்பிட நான் துணியமாட்டேன். அவ்வாறு ஒப்பிடுவது அநியாயம். எனினும் அத்தனை கொடுமைக்குப் பிறகும் அந்நாட்டுப் பெற்றோர் தம் பெண்களை அதே கல்லூரிக்குத் தொடர்ந்து அனுப்பினார்கள் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாக உரிமம் பெறும் பொறியாளர்களில் நூற்றுக்கு முப்பது பேர் பெண்களாக இருக்க வேண்டும், அதனை 2030ஆம் ஆண்டுக்குள் எட்ட வேண்டும் என்று கனடியப் பொறியாளர் அமைப்பு இலக்கு வைத்துக்கொண்டது.

மாணவர்களுக்கு நடைமுறைச் செய்தி ஒன்றும் உண்டு. உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் கல்லூரியின் விளம்பரத் தாளை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிடாதீர்கள். நம் நாட்டில் பொறியியல் பட்டப் படிப்புகளை மதிப்பிட்டு அங்கீகரிப்பது, மலேசியப் பொறியாளர் வாரியத்தின்கீழ் இயங்கும் அங்கீகார மன்றம். நீங்கள் சேரும் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கின்றதா என்று முதலில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது; குறிப்பிட்ட அந்தப் படிப்பின் பெயர் இருக்க வேண்டும். நாடுகள் ஒன்று மற்றொன்றின் பொறியியல் பட்டத்தை ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்பாட்டில் 2009ஆம் ஆண்டு முதல் மலேசியாவும் முழு உறுப்பு நாடு. ஆகவே அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர், பிற உறுப்பு நாடுகளிலும் தம் பட்டத்தை நம்பிக்கையோடு எடுத்துக் காட்டலாம். அந்த உடன்பாட்டைத் தொடங்கிய ஆறு நாடுகளுள் கனடாவும் ஒன்று. கையெழுத்தான ஆண்டு 1989. அந்த ஆண்டைப் பார்த்ததும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று உதவி பெறும் இருவரில் ஒருவர் கட்டுமானப் பொறியியல் முதலாம் ஆண்டு மாணவி. மற்றொருவர் மின்னியல் பயிலும் மாணவர். இருவருமே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். நினைவு உபகாரச் சம்பளம் மாணவிக்கு மட்டும்தான் என்று வைக்கலாமா என்று நாங்கள் கலந்து பேசினோம். இருவருள் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பதே மறைந்தவரின் தாயார் சொன்ன முடிவு. தம் மகள் எப்போதும் தம்பிக்கும் சேர்த்தே பங்கு கேட்பாள் என்று அவர் சொன்னார். அதற்குமேல் குழுவில் யாரும் விவாதிக்கவில்லை.

மாணவர் இருவருக்கும் சொல்லிக்கொள்கின்றேன். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. அது உங்களை அச்சுறுத்த வேண்டாம். நீங்கள் அவராக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் பருவத்திலேயே முதல் வகுப்பு வாங்க வேண்டும் என்றும் விதியில் எழுதவில்லை. ஒரு பாடத்தில் தேர்ச்சி தவறினால் மறுபடியும் எழுதுங்கள். அதற்காக உதவி நிறுத்தப்படாது. துறையை மாற்றிக்கொள்ள விரும்பினால் ஒரு கடிதம் எழுதுங்கள், குழு பரிசீலிக்கும். படிப்பு முடிந்தபின் ஆலயத்துக்கு வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

உங்கள் முதல் உரைக்கான பள்ளியை ஆலயச் செயலாளர் ஏற்பாடு செய்திருக்கின்றார். அடுத்த பள்ளித் தவணையின் மூன்றாம் வாரத்தில் இருவரும் அங்கே செல்கின்றீர்கள். தலைமையாசிரியர் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அனைவரையும் மண்டபத்தில் அமர்த்துவதாகச் சொல்லியிருக்கின்றார். ஒலிபெருக்கி இருக்கின்றதாம், வெண்திரை இல்லையாம். ஆகவே படம் காட்ட நினைத்தால் தாளில் வரைந்து எடுத்துச் செல்லுங்கள். போய்வரும் செலவுக்கான தொகை நிதியிலிருந்து தனியே தரப்படும். ரசீதை மறவாமல் பொருளாளரிடம் ஒப்படைக்கவும்.

இனி, மறைந்தவரின் தம்பி மேடைக்கு வந்து இருவருக்கும் காசோலைகளை வழங்குவார்.